இரண்டு கையாலும் வாங்கிய தவிடு

அந்த வருஷம் சும்மா கிடைத்த எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை. அதனால்தான் இது நடந்தது.

வீட்டுக்காரர் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரிக்கு பஸ் ஓட்டுகிறார். கல்லூரி நடந்தால் சம்பளம். லீவு விட்டால் அவருக்கும் லீவு, எங்கள் அடுப்புக்கும் பாதி லீவு. நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடித்துப் பாக்கெட் போடும் கம்பெனியில் இருந்தேன். வயிறு பெரிதானதும், "பெத்துட்டு வாம்மா, எடம் இருந்தாப் பாப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காம்பவுண்டு வீடு. ஒரே கேட்டுக்குள் நான்கு வீடு, நடுவில் சிமெண்டு முற்றம், பொதுவில் ஒரு குழாய். ஒரு வீடு பூட்டியே கிடந்தது. ஒன்றில் காலேஜ் பையன்கள், காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். மூன்றாவது என் வீடு. நான்காவது, என் வீட்டோடு சுவர் ஒட்டிய வீட்டில், போலீசில் ரிட்டயர்டான ஏட்டையா ஒருவரும் அவர் மனைவியும். பகல் பூராவும் அந்த முற்றத்தில் நானும் அந்த அம்மாளும்தான். ஏட்டையா டிவி முன்னால் இருப்பார். அவரை ஆள் கணக்கில் சேர்க்க முடியாது.

பிரசவம் பார்க்க வேண்டியது என் அம்மா. ஆனால் அதே மாதம் அண்ணன் மனைவிக்கும் பிரசவம். அண்ணிக்குத் தாய் இல்லை. அம்மா பத்து நாள் என்னோடு இருந்தாள். பதினோராம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறிவிட்டாள். "நீ தைரியமான பிள்ளை" என்றாள். கைவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தை அது.

இது எனக்கு இரண்டாவது பிள்ளை. முதலாவது ஆண். இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான், மூன்றாம் நாள் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். இது பெண். பிறந்ததும் நன்றாகக் கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுததை நர்ஸ் பார்த்துச் சிரித்தாள்.

சிக்கனம் என்று சொல்லிக்கொண்டோம். இல்லாமைக்கு அது மரியாதையான பேர். கம்பெனியில் ஓரம் பிசிறிப்போன பேண்டேஜ் துணியை ஒரு மூட்டை தந்திருந்தார்கள். நாலாக மடித்துத் தைத்தால் பிள்ளைக்கு நல்ல இடுப்புத் துணி. ஈரத்தை இழுக்கும், வெயிலில் உடனே காயும். ஆனால் முற்றத்துக் கொடியில் இருபது முப்பது வெள்ளைத் துண்டுகள் தொங்கும்போது பார்க்க நன்றாக இருக்காது. அடிபட்ட ஆள் எங்கே என்று தேடத் தோன்றும். கேஸ் மிச்சம் பிடிக்க, காலையிலேயே அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து வெயிலில் வைப்பேன். உச்சி வெயிலுக்குள் பிள்ளையைக் குளிப்பாட்டும் பக்குவத்துக்குச் சுட்டிருக்கும். ஊர் பூராவும் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற நேரத்தில் நான் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து அதைக் குளிப்பாட்டுவேன்.

"உச்சியில வெளியில கொண்டாராத" என்று முதல் நாளே பக்கத்து வீட்டம்மாள் சொன்னாள். நான் அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன்.

"கேஸ் யாரு வாங்கித் தருவா பெரியம்மா?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. வந்து எனக்கும் வெயிலுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். நான் குளிப்பாட்டி முடிக்கும்வரை நகரவில்லை. அவளுடைய நிழல் பிள்ளைமேல் விழுந்து கிடந்தது. மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

பிள்ளைக்கு நாற்பது நாள் இருக்கும்போது எனக்கு இடுப்பு வலி தாங்கவில்லை. குனிந்தால் நிமிர முடியாது. "தவிட்டை வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடு. சுந்தரபாண்டியத்துல எங்க கொழுந்தன் ரைஸ்மில்லு வச்சிருக்கான், கொண்டாந்து தாரேன்" என்றாள் பெரியம்மா. காசு கேட்காமல் வருகிற வைத்தியம். சரி என்றேன்.

இரண்டு நாள் கழித்து நல்ல உச்சியில் முறம் நிறையத் தவிட்டோடு வந்தாள். தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டியிருந்தாள். ஒத்தடத்துக்குத் தவிடு கொடுக்க எதற்குப் புதுச் சேலை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"பிள்ளைய இங்கன குடு. நீ இத வாங்கு."

பிள்ளையைக் கொடுத்துவிட்டு வாளியை எடுக்கப் போனேன்.

"வாளியில வேண்டாம். மடியில வாங்கு."

நான் நைட்டியில் இருந்தேன். "மடி எங்க இருக்கு பெரியம்மா, நைட்டிக்கு?"

"துண்ட விரி. ரெண்டு கையாலயும் புடி."

துண்டை விரித்துப் பிடித்தேன். கொட்டினாள்.

"சம்மதந்தான?"

"என்னது?"

"சம்மதமான்னு கேக்கேன். வாய்விட்டுச் சொல்லு."

தவிட்டுக்கு எதற்குச் சம்மதம், கிறுக்குப் பிடித்த மனுஷி என்று நினைத்துக்கொண்டு, "சம்மதம், சம்மதம், நூறு சம்மதம்" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வாசப்படி தாண்டி, அவள் வாசப்படியில் வலது காலை வைத்து உள்ளே போனாள். சாமி விளக்கு முன்னால் நின்றது எனக்குத் தெரிந்தது. பிறகு திரும்பி வந்து, பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"வளத்துக் குடு, தாயி."

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் இதைக் கதையாகச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னையக் கூடத் தவிட்டுக்குத்தான் வாங்குனேன்னு எங்கம்மா சொல்லும்" என்றார். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். என் அண்ணன் என்னை அப்படிச் சொல்லியே அழவைப்பான். எனக்கு அது கேலிப் பேச்சு. அதை நிஜமாகச் செய்வார்கள் என்று தெரியாது.

"மடியிலயா வாங்குன?" என்றார் திடீரென்று.

"துண்டுல."

"சம்மதம்னு சொன்னியா?"

"ஆமா."

சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஏட்டி, உனக்குக் கூறு கெட்டுப் போச்சா? பிள்ளை தங்காத வீட்டுல அப்படித்தான் விப்பாக. எமனுக்கு அடையாளம் தெரியக் கூடாதுன்னு. வித்த பொறவு பெத்தவ உரிமை கொண்டாடப்படாது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடு, அவிய நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாக" என்று சாப்பிட உட்கார்ந்தார். நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாளே மிச்சத் தவிட்டை வாளியில் அள்ளிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "இந்தாங்க, வேண்டாம். என் பிள்ளைய நான் விக்கல" என்றேன்.

அவள் விரலை உதட்டில் வைத்தாள். "சத்தம் போடாத. கேக்கும்."

"யாருக்குக் கேக்கும்?"

அவள் என்னைத் தாண்டி முற்றத்தைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். வெயில், அண்டா, கொடியில் வெள்ளைத் துணிகள். ஒன்றும் அசையவில்லை.

"ஒனக்கு ஒண்ணு போயிருக்கு. இது நிக்கணும்னா நீ தாயா இருக்கப்படாது" என்றாள் மெதுவாக. "எனக்கு மூணு போச்சு. மூணாவது வயித்துல இருக்கும்போதே வித்துருன்னு சொன்னாக. வீம்பு பண்ணிட்டேன். எம்பிள்ளை எம்பிள்ளைன்னு தெருவெல்லாம் கேக்கச் சொன்னேன். பதினாறாம் நாள் போயிருச்சு."

எனக்குப் பாவமாக இல்லை, கோபம்தான் வந்தது. "அதுக்கு எம்பிள்ளைய எடுத்துக்கிடுவீகளா? தவிட்டத் திருப்பி வாங்கிக்கோங்க."

"இதென்ன பால் சட்டியா, குடுத்துத் திருப்பி வாங்க?"

உள்ளே ஏட்டையா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வித்துட்டுப் பொறவு ஸ்டேஷனுக்கு வந்தா என்னம்மா பண்ணச் சொல்லுத?"

அவர் வேடிக்கைக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்தாள், துணி துவைத்தாள், எனக்குப் பூண்டுக் குழம்பு வைத்துத் தந்தாள். பிள்ளை அழுதால், நான் எழுந்திருக்கும் முன்னாலேயே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "வாரேன், வாரேன்" என்று குரல் வரும். பிள்ளை உடனே அழுகையை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்க்கும். நான் பால் கொடுக்கும்போது வாசலில் நின்று, "நல்லாக் குடிக்குதா?" என்பாள். கூலிக்குப் பால் கொடுக்க வைத்தவளிடம் கேட்கிற மாதிரி இருக்கும். முட்டையும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைத்து, "நீ தின்னாத்தான அதுக்கு" என்பாள். நான் தின்றேன். சொன்னேனே, வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

கொஞ்ச நாளில் எனக்கே வாய் மாறிப்போனது. பிள்ளையைக் கொஞ்சும்போது "என்" என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவேன். நம்பவில்லை. நம்பவே இல்லை. ஆனால் இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, நம்பாமல் இருப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். ஒரு வார்த்தையை முழுங்கினால் பிள்ளை இருக்கும் என்றால், முழுங்கிவிட்டுப் போவோம் என்று இருந்தேன்.

ஐந்தாம் மாதம் கம்பெனியில் கூப்பிட்டார்கள். போகாமல் இருக்க முடியாது. பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வியே எழவில்லை. பெரியம்மா காலையில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை என்னிடமிருந்து அவளிடம் தாவியது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் ராஜபாளையம் பஸ்ஸில், கம்பெனிக்குப் புதிதாக வந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒனக்கு எத்தன பிள்ளைக்கா?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அவள் முகம் சுண்டிப்போய், "கவலைப்படாதக்கா, பொறக்கும்" என்று என் கையைப் பிடித்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். என் மார்பில் பால் கட்டி வலித்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பிள்ளையை வாங்கியபோது, யாரோ வீட்டுப் பிள்ளையை வாங்குகிற மாதிரியே இருந்தது. அதன் தலையில் பெரியம்மா வீட்டுச் சாம்பிராணி வாசம். நன்றாக வளர்ந்திருந்தது. அதையும் சொல்ல வேண்டும். ஒரு சளி, ஒரு காய்ச்சல் இல்லாமல் வளர்ந்தது.

ஆறாம் மாதம் ஒரு மத்தியானம் கம்பெனிக்கு போன் வந்தது. பெரியம்மாதான். "மேலு கொதிக்கி. கண்ணு மேல சொருகிருச்சு. ஆட்டோவுல தூக்கிட்டுப் போறேன்." ஆஸ்பத்திரிப் பேரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்தேன்: எங்கேயாவது வாய் தவறி "என் பிள்ளை" என்று சொன்னேனா? காலையில் கிளம்பும்போது என்ன சொன்னேன்? "வாரேன்டி என் தங்கம்" என்றேனா, "வாரேன்டி தங்கம்" என்றேனா? படித்தவள்தான் நான், பிளஸ் டூ பாஸ். அந்த பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பெரியம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். வலிப்பு நின்றிருந்தது. பிள்ளை துவண்டு கிடந்தது. நர்ஸ் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு, "பெட்டுல சேக்கணும். குழந்தையோட அம்மா யாரு?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"சொல்லாத" என்றாள் என் காதுக்குள். "கேட்டுக்கிட்டு இங்கனதான் நிக்கும்."

நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னம்மா முழிக்கீக? தாய் யாருன்னு தெரியாமயா தூக்கிட்டு வந்தீக?"

"நான்தான்" என்றாள் பெரியம்மா.

நர்ஸ் அவள் நரைத்த தலையைப் பார்த்தாள். "பாட்டி, காலங்காத்தால இருந்து நின்னுட்டிருக்கேன். வெளையாட நேரமில்ல. பால் குடிக்கிற பிள்ளைதான? பால் யாரு குடுக்கா?"

அப்போது பிள்ளை முனகியது. அழுகைகூட இல்லை, மூச்சு மாதிரி ஒரு சத்தம். என் சுடிதாரின் முன்பக்கம் நனைந்தது. தடுக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் பெரிய வட்டமாக ஈரம் பரவியது. நர்ஸ் அதைப் பார்த்தாள். பெரியம்மாவும் பார்த்தாள். இனி நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

"நான்தான்" என்றேன். "நான் பெத்தது. என் பிள்ளை."

தேவைக்கு மேலேயே சத்தமாகச் சொல்லிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை மாதமாக முழுங்கி வைத்தது எல்லாம் ஒரே சமயத்தில் வந்தது.

பெரியம்மா என் கையை விட்டாள். பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த வராந்தாவைப் பார்த்தாள். யாரோ வந்துவிட்டதைப் பார்ப்பவள் மாதிரி, கண் ஒரே இடத்தில் நின்றது. பிறகு முக்காடு போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

நாலு நாள் வார்டில் இருந்தோம். சாதாரணக் காய்ச்சல்தான், சூடு ஏறினால் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும் என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். நாலு நாளும் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியம்மா வரவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று அவள் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை அவளைப் பார்த்ததும் என் இடுப்பில் குதித்தது, இரண்டு கையையும் நீட்டியது. அவள் எங்களைக் கடந்து உள்ளே போனாள். சுவரைக் கடந்து போகிற மாதிரி.

"பெரியம்மா, பிள்ளையப் பாக்கலையா?" என்றேன்.

"எந்தப் பிள்ளை?" என்றாள். பிறகு, கதவுக்குப் பின்னாலிருந்து தணிந்த குரலில் சொன்னாள். "நீ சத்தமாச் சொல்லிட்ட. அது இப்பத் தேடிட்டு இருக்கும். நான் பாத்தா இன்ன எடத்துல இருக்குன்னு காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். என்னையக் கூப்பிடாத."

அன்றிலிருந்து பிள்ளை அழுதால் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிள்ளை அழுதுகொண்டே சுவரைப் பார்க்கும். காத்திருக்கும். பிறகு இன்னும் பலமாக அழும். வேலைக்குப் போக முடியவில்லை. கம்பெனியில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். "அவிய கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வா" என்றார் வீட்டுக்காரர். அன்று நான் பேசிய பேச்சை எழுத முடியாது. "நீதான பெத்த, நீதான வச்சுக்கிடணும்" என்று முணுமுணுத்துவிட்டு பஸ் எடுக்கப் போய்விட்டார்.

ஆமாம், நான்தான் பெற்றேன். நான்தான் வைத்துக்கொண்டேன். உச்சியில் முற்றத்துக்கு இறக்குவதில்லை. கேஸ் போனால் போகிறது. துணிகளை வீட்டுக்குள்ளேயே கட்டிக் காயப்போட்டேன். ஒவ்வொரு தும்மலுக்கும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அவள் மூன்று பிள்ளையைக் கொடுத்துக் கற்றுக்கொண்டதை நான் ஒரு கூச்சலில் உடைத்துவிட்டேனோ என்று இருக்கும். மறு நிமிஷம், ஒரு கிழவியின் பைத்தியக்காரத்தனத்துக்கு அத்தனை மாதம் அடங்கிக் கிடந்தேனே என்று பற்றிக்கொண்டு வரும். இரண்டும் ஒரே நாளில் பத்துத் தடவை வரும்.

பத்தாம் மாதம். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செத்த நேரத்தில் பிள்ளை வாசப்படி இறங்கித் தவழ்ந்து போய்விட்டது. ஓடி வந்து பார்த்தால் பெரியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே அவள் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பிள்ளை படியை உள்ளங்கையால் தட்டியது.

"ம்மா" என்றது.

அதற்கு முன்னால் அது அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நான் முற்றத்தின் நடுவில் ஈரக் கையோடு நின்றேன். பெரியம்மாவின் விரல்கள் காம்பிலேயே நின்றுவிட்டன.

"ம்மா... ம்மா."

"ஏட்டி" என்றேன். "நான் இங்கன இருக்கேன்."

பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தது. யார் இது என்று பார்ப்பது போல் இல்லை, என்னை நன்றாகத் தெரிந்துதான் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே திரும்பிக் கூப்பிட்டது.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. "பெரியம்மா, கூப்பிடுதுல்லா. என்னன்னாவது கேளுங்க" என்றேன்.

அவள் உட்கார்ந்தபடியே அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு எதையோ மறைத்துக்கொண்டு நிற்பது போல விறைத்து இருந்தது.

"தூக்கிட்டுப் போ" என்றாள். "வெயில் ஏறுது."

தூக்கிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும், "இன்னைக்கு அம்மான்னு சொல்லிருச்சு" என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளையை மேலே தூக்கித் தூக்கிப் போட்டு, "சொல்லு, சொல்லு, ஒங்கம்மா எங்க?" என்று கேட்டார். அது சிரித்தது. யாரைப் பார்த்துச் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.